இரண்டு டின் எண்ணெயும் நான்கு விசைகளும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வானத்தில் கிடைக்கவில்லை, ஒரு எடைமேடையில் கிடைத்தது.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸில் புது ஆலிவ் எண்ணெய் வந்து, தெருவே வாசனையாக இருக்கும் நாட்கள். சின்ன விமானங்களை நிறுத்திவைக்கும் கொட்டகையின் மூலையில், சாமான் நிறுக்கும் இரும்பு மேடைமேல், ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஹாஜ்ஜா ஸகிய்யா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டின் எண்ணெய், காலடியில் இன்னொன்று. மகளைத் தவிர எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் லஸ்அத் திரும்பி நின்றார். அவர்களைக் காரில் கொண்டுவந்து விட்ட நானும் திரும்பி நின்றேன். ஆகவே இந்தக் கதையின் மிக முக்கியமான காட்சியை நான் பார்க்கவில்லை. கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்குத் தெரியாது. தெரிந்தவள் ஸிஹாம், ஹாஜ்ஜாவின் மகள். அன்றைய விமானி. பள்ளியில் அவள் இயற்பியல் நடத்துகிறாள், நான் வரலாறு. ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கணப்பு.

"அப்புறம் என்னடி ஆச்சு?" என்று கேட்டால் கையைக் கணப்பில் காட்டிக்கொண்டே சிரிக்கிறாள்.

"நீதானே கதை எழுதுறவ. நீயே முடி."

"தப்பா முடிச்சுட்டா?"

"எப்படி வேணா முடி. ஒரே நிபந்தனை. விசையெல்லாம் சரியா இருக்கணும். என் பிளேனை உன் இஷ்டத்துக்குப் பறக்கவிட்டா சிவப்புப் பேனாவை எடுத்துடுவேன்."

எடுத்தாள். இந்தப் பக்கங்களில் அடைப்புக்குறிக்குள் யாராவது என்னைத் திட்டினால் அது அவள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானே என்னைத் திட்டிக்கொள்வதும் உண்டு.

2

தொடக்கம், முதல் வரைவு:

"விமானத்தின் இறக்கை மேலே வளைந்திருக்கும், கீழே தட்டையாக இருக்கும். மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் தன் துணையை இறக்கையின் முடிவில் சந்திக்க வேண்டுமே என்று அது ஓடோடி வருகிறது. அந்த அவசரம்தான் விமானத்தைத் தூக்குகிறது. ஸிஹாமும் ஒருவகையில், தன்னைப் பிரிந்துபோன"

இங்கே நிறுத்திவிட்டேன். ஸிஹாமின் பழைய கணவர் கதைக்குள் வரப்பார்த்தார். அவருக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் நிறுத்தியதற்கு அது மட்டும் காரணமில்லை.

"ரெண்டு காத்தும் சந்திக்கணும்னு யாரு நேரம் குறிச்சுக் கொடுத்தது?" என்றாள் ஸிஹாம். "மேல போற காத்து முன்னாடியே போய்ச் சேந்துடும். கீழ வர்றவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது."

"பாடப் புத்தகத்துல அப்படித்தானே போட்டிருந்துச்சு?"

"பாடப் புத்தகம் எழுதினவங்களுக்கும் காதல் கதை பிடிக்கும்போல. கார்ல போறப்ப ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டியிருக்கியா? கையைக் கொஞ்சம் சாய்ச்சா என்ன ஆகும்?"

"தானா மேல போகும்."

"நீ காத்தைக் கீழ தள்ளுற, அது உன்னை மேல தள்ளுது. இறக்கையும் அதைத்தான் பண்ணுது. மேல் பக்கமாப் போற காத்தையும் வளைச்சுக் கீழதான் அனுப்புது. அதுல பிரிவும் இல்ல, சந்திப்பும் இல்ல."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காரிலிருந்து கையை நீட்டிப் பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டியவள் செய்கிற காரியமில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் நான் திரும்பப்போகிறேன் என்று நினைத்து என்னைப் பெற்றவர்களை எல்லாம் இழுத்துத் திட்டினார்.

2 (மறுபடியும்)

தொடக்கம், இரண்டாம் வரைவு. இது திட்டம் போட்டு எழுதியது.

பறக்கும் விமானத்தின்மேல் நான்கு விசைகள். கீழே இழுக்கும் எடை, மேலே தள்ளும் தூக்குவிசை, முன்னே இழுக்கும் உந்துவிசை, பின்னே பிடிக்கும் இழுவை. ஸிஹாம் வருடாவருடம் கரும்பலகையில் நான்கு அம்புகளாக வரைவது. எனக்கும் நான்கு பேர் வேண்டும். எடை: ஹாஜ்ஜா ஸகிய்யா. உந்துவிசை: லஸ்அத். இழுவை: பெண்ணுக்கு விமானம் எதற்கு என்று கேட்கும் ஊர். தூக்குவிசை: ஸிஹாம்.

இவ்வளவு சுத்தமாக அமைந்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

3

இனி கொஞ்ச நேரம் நான் வாயை மூடிக்கொள்கிறேன். கதை ஸிஹாமுடன் போகட்டும்.

விமான நிலைய ரோட்டில் ஆறாம் கிலோமீட்டரில் அவர்கள் வீடு. கீழே தாய், மாடியில் மகள். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளி முடிந்ததும் ஸிஹாம் பறக்கப் போவாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸகிய்யா கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்து மீன் போட்ட குஸ்குஸ் சமைத்து, இரண்டு தட்டில் எடுத்துவைத்து, அவற்றை வேறு இரண்டு தட்டுகளால் மூடிவிட்டு, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். மகளின் கார் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டால்தான் கீழே இறங்குவார். அதுவரை ஒரு வாய் சாப்பிடமாட்டார். உட்காரவும் மாட்டார்.

போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஸிஹாம் சண்டை போட்டிருப்பாள், அவளுக்குச் சண்டை நன்றாக வரும். மூடிவைத்த தட்டோடு எப்படிச் சண்டை போடுவது? வேகம், உயரம், திசை என்று அவள் பார்க்கவேண்டிய முட்களுக்கு நடுவே அந்தத் தட்டும் தெரியும். கடற்கரைமேல் அழகாகத் திரும்பும்போது, உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளாக மின்னும்போது, குஸ்குஸ் ஆறிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். அந்த நேரத்தில் வரும் சந்தோஷத்தை அவள் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாள். தாயின் பயம்கூட அவளை அவ்வளவு தொந்தரவு செய்யவில்லை. தன்னுடைய சந்தோஷத்துக்காக வேறொருத்தி பட்டினி கிடக்கிறாள் என்பதுதான் தொந்தரவு. ஒரே ஒரு தடவை உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டால், அடுத்த சனிக்கிழமை பசித்த நேரத்தில் சாப்பிடுவார். ஸிஹாமுக்கு வேண்டியது இவ்வளவுதான். பாராட்டுகூட வேண்டாம்.

பயணியை ஏற்றிக்கொள்ளும் உரிமம் வந்த வாரம், ஜெர்பா தீவில் இருக்கும் மன்னூபியா சித்தி வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். ரோட்டில் போனால் பாதி நாள், நடுவே படகு வேறு.

"உம்மா, சித்தியப் பாக்க நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு மணி நேரம்கூட ஆகாது."

ஸகிய்யா மீனின் செதிலை உரசிக்கொண்டிருந்தார். "எதுல?"

"எதுலன்னு உனக்குத் தெரியும்."

செதில் சுவரெல்லாம் தெறித்தது. ஒரு மீன் முடிந்து இன்னொரு மீனை எடுத்தார்.

"கைய வீசிக்கிட்டா போறது? புது எண்ணெய் வந்திருக்கு" என்றார்.

ஸிஹாமுக்கு அது சம்மதமாகக் கேட்டது. சம்மதம்தான். ஆனால் அதில் எண்ணெயும் இருந்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உன் எடை எவ்வளவு உம்மா?"

"எதுக்கு? என்னைக் கட்டிக்கொடுக்கப் போறியா?"

"கணக்குப் போடணும். சின்ன பிளேன். ரெண்டே சீட்டு."

"அறுபத்திரெண்டு."

[அறுபத்திரண்டு என்பது ஹாஜ்ஜா ஸகிய்யாவின் கல்யாணத்தன்று இருந்த எடை. பொய் இல்லை. பழைய உண்மை.]

4

ஞாயிறு காலை. ஸிஹாம் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஒரு சின்னக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். சக்கரம், இறக்கை, சுக்கான். அவள் விமானத்தின் மூக்குப் பக்கம் குனிந்திருந்தபோது ஸகிய்யா வால் பக்கம் இருந்தார். எங்கள் ஊரில் எண்ணெய் டின்னைத் தூக்கிப் பழகிய பெண்கள் முனகாமல் தூக்குவார்கள். இருக்கைக்குப் பின்னால் இரண்டு டின்கள், மேலே தன் வெள்ளைப் போர்வை. அப்புறம் நல்ல பிள்ளையாக முன்னால் வந்து ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

அவர் பார்வையில் அதில் மறைக்க ஒன்றுமில்லை. உடம்புக்கு முடியாத தங்கையைப் புது எண்ணெய் இல்லாமல் பார்க்கப் போகிறவள் ஸ்ஃபாக்ஸ்காரியே இல்லை. போர்வை போட்டது தூசி படாமல் இருக்க.

லஸ்அத் ஜன்னல் பக்கம் வந்தார். அவர் ஜெர்பாக்காரர். ஊரில் குடும்பம், இங்கே வேலை. எங்கள் ஊர் மளிகைக்கடைகளில் பாதியை நடத்துவது அந்தத் தீவுக்காரர்கள்தான்.

"ஹாஜ்ஜா, பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க."

"உங்க ஊர்க்காரன் கடையில சாமான் வாங்குறப்பவே நான் கண்ண மூடுனதில்ல. இப்பவா மூடுவேன்?"

"டீச்சர், மன்னிச்சுக்கங்க. உங்க உம்மா சரியாத்தான் இருக்காங்க" என்றார் லஸ்அத் ஸிஹாமிடம்.

விமானம் ஓடுபாதையில் திரும்பியது. ஸிஹாம் எஞ்சின் குமிழை முழுதாக உள்ளே தள்ளினாள். ஓட ஆரம்பித்தது. எல்லாச் சத்தமும் அவளுக்குத் தெரிந்த சத்தம். பிறகு, பின்னாலிருந்து, ஒரு "களக்".

இன்னொரு "களக்".

அதோடு, வேகமானி இன்னும் வரவேண்டிய இடத்துக்கு வராதபோதே மூக்கு லேசாகி எழப்பார்த்தது. கையில் அது தெரிந்தது. எழ வேண்டிய நேரத்துக்கு முன்பே எழ ஆசைப்படும் விமானம் நல்ல விமானமில்லை. ஸிஹாம் குமிழை வெளியே இழுத்தாள். பிரேக். பாதையின் பாதியில் நின்றார்கள்.

[இங்கே முதலில் நான் விமானத்தை எழும்பவிட்டேன். மூன்று பக்கம் எழுதினேன். கடலுக்கு நடுவே காற்றடித்தது, டின் ஒன்று உருண்டது, ஸகிய்யா குர்ஆன் வசனம் ஓதினார், எனக்கே கண்ணீர் வந்தது. ஸிஹாம் மூன்று பக்கத்துக்கும் குறுக்காக ஒரே கோடு போட்டாள். "தெரியாத சத்தம் கேட்டா நிறுத்துவேன். அவ்வளவுதான். உன் புயலை வேற யாருக்காவது கொடு." பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கேட்கலாம்.]

"என்ன நின்னுடுச்சு?" என்றார் ஸகிய்யா.

"பின்னால என்ன இருக்கு உம்மா?"

"பின்னாலயா? வாலு."

5

இப்போது மறுபடியும் கொட்டகை. எடைமேடை. சுவரைப் பார்த்து நிற்கும் லஸ்அத், நான்.

முள் நின்ற இடத்தை ஸிஹாம் பார்த்தாள். குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"உம்மா..."

"வாயைத் திறக்காத."

"ஹாஜ்ஜா, நான் கண்ணையும் மூடிட்டேன்" என்றார் லஸ்அத் சுவரிடம்.

"காதையும் மூடு."

ஸிஹாம் மனசுக்குள் கூட்டினாள். பயணியில் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தது, அப்புறம் இரண்டு டின். இதே விமானம் இதே வேகத்தில் ஓடினால் இறக்கையால் இவ்வளவையும் தூக்க முடியாது. இன்னும் நீண்ட பாதை, இன்னும் அதிக வேகம் வேண்டும். போதாததற்கு டின்கள் இருந்தது வால் பக்கம். பின்பாரம் ஏறினால் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்காது.

"எண்ணெய், நீ, எரிபொருள். மூணும் சேந்து போக முடியாது" என்றாள்.

"எரிபொருளைக் குறை."

"வழியில கடல் இருக்கு."

"கொஞ்சமாக் குறையேன்."

லஸ்அத் தொண்டையைச் செருமினார். "நான் மத்தியானம் கார்ல ஊருக்குத்தான் போறேன். டின்னை நானே கொண்டுபோய் உங்க தங்கச்சி வீட்டுல கொடுத்துடறேன்."

கொட்டகையில் ஒரு புறா சிறகடித்தது.

"நீயா?"

"நான்தான்."

"ஜெர்பாக்காரன் கையில ஸ்ஃபாக்ஸ் எண்ணெயா?"

"ஹாஜ்ஜா, ஸ்ஃபாக்ஸ் எண்ணெயோட ஊருக்குள்ள நுழைஞ்சா என் மானம்தான் போகும். உங்க தீவுல ஆலிவ் மரமே இல்லியான்னு என் பெண்டாட்டியே கேப்பா."

"மரம் இருக்கு. அதுல வர்றதுக்குப் பேரு எண்ணெயா? பாதி வழியில டின்னைத் திறந்து ரொட்டியத் தொட்டுக்குவே நீ."

"அது சத்தியமா நடக்கும். மறைக்கல."

நான் சிரித்துவிட்டேன். ஸிஹாம் சிரிக்கவில்லை.

"அப்போ ஒண்ணு பண்றேன்" என்றார் ஸகிய்யா. "நானும் இவன்கூடக் கார்லயே போயிடறேன். எண்ணெய்க்குத் துணையா."

அந்தக் குரலைத்தான் எழுத வேண்டும் என்று இரண்டு மாதமாக முயல்கிறேன். அதில் வருத்தம் இல்லை. முட்டுக்கட்டையை எடுத்துவிட்ட கதவு போல் அது லேசாகத் திறந்தது. பயத்துக்கு ஒரு மரியாதையான காரணம் கிடைத்துவிட்டது. ஸிஹாமுக்கும் அது கேட்டது. கை ஜாக்கெட் பைக்குள் இறுகியது. என் பக்கத்துல வந்து உட்காரு உம்மா, எனக்காக ஒரு தடவை, என்று இழுத்துப் பிடித்திருக்கலாம். வார்த்தைகள் வாய்வரை வந்துவிட்டன.

[இந்த இடத்தில் ஒரு பாடம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே போகவேண்டும் என்று மூக்கை மேலும் மேலும் தூக்கிக்கொண்டே போனால், ஓர் அளவுக்கு மேல் காற்றால் இறக்கையை ஒட்டி வளைய முடியாது. பிய்த்துக்கொண்டு போய்விடும். இறக்கை உதறும், தூக்குவிசை சட்டென்று குறையும், விமானம் விழத் தொடங்கும். விழும்போது எந்த மனிதனின் கையும் பிடியைத் தன்பக்கம் இழுக்கத்தான் பார்க்கும். இழுக்கக் கூடாது. விட வேண்டும். மூக்கு கீழே போகட்டும் என்று முன்னால் தள்ள வேண்டும். ஸிஹாமுக்கு இது பழக ஒரு வருடம் ஆனது. லஸ்அத் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்க டீச்சர், விடுங்க, அது உங்க பேர்ல கோவமா இல்ல" என்று கத்திக்கொண்டே இருப்பாராம்.]

ஸிஹாமின் கை பைக்குள் தளர்ந்தது.

"சரி உம்மா. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு."

ஸகிய்யா இதை எதிர்பார்க்கவில்லை. மகள் கெஞ்சுவாள், தான் மறுக்கலாம் என்று தயாராக இருந்தவர், மறுக்க ஒன்றுமில்லாமல் மேடைமேலேயே உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த டின்னைப் பார்த்தார். லஸ்அத்தின் முதுகைப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்ற விமானத்தைப் பார்த்தார்.

[நீ திரும்பி நின்றாயே, எப்படிப் பார்த்தாய் என்று கேட்காதீர்கள். இங்கே நான் ஏமாற்றித் திரும்பிவிட்டேன்.]

அப்போது என் போன் அடித்தது. என் நாத்தனார் குடும்பத்தோடு என் வீட்டு வாசலில் நிற்கிறாள், கதவு பூட்டியிருக்கிறது. ஞாயிறு விருந்துக்கு அழைத்ததே நான்தான். சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

அதனால்தான் உங்களுக்கு இந்தக் கஷ்டம்.

6

முடிவு, முதல் வகை. ஸகிய்யா காரில் போகிறார். மடியில் ஒரு டின், காலடியில் ஒரு டின், பக்கத்தில் லஸ்அத். ஸிஹாம் தனியாகப் பறக்கிறாள். கரையை ஒட்டியே போகிறாள், கீழே ரோடு தெரியும்படி. ரோட்டில் போகும் வெள்ளைக் கார்கள் எல்லாம் லஸ்அத்தின் காராகத் தெரிகின்றன. ஸகிய்யா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டு போகிறார், மொட்டைமாடியில் நின்று பார்ப்பது போலவே. தட்டு மூடியே...

இல்லை. எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் இது நடந்திருக்க முடியாது என்று சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை.

முடிவு, இரண்டாம் வகை. ஸகிய்யா மேடையிலிருந்து இறங்குகிறார். டின்னை லஸ்அத்திடம் நீட்டுகிறார், கொடுத்த பிறகும் கைப்பிடியை உடனே விடவில்லை.

"மூடியில நூல் கட்டியிருக்கேன். நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியும்."

"ஹாஜ்ஜா, உங்க பொண்ணை நம்பி உயிரைக் கொடுக்குறீங்க, என்னை நம்பி எண்ணெயைக் கொடுக்க மாட்டீங்களா?"

"பொண்ணை நான் பெத்தேன். உன்னை நானா பெத்தேன்?"

விமானம் ஓடியது. இந்த முறை பின்னாலிருந்து சத்தமில்லை. "தூக்குவிசை எடையை வென்றது, விமானம் மேலே ஏறியது" என்று எழுதினேன்.

[சிவப்புப் பேனா: "தப்பு. ஒரே சீராக ஏறும்போது தூக்குவிசை எடையைவிட ஒரு பொட்டு குறைவாகத்தான் இருக்கும். மூக்கு மேலே பார்க்கிறதால் எஞ்சினும் பாரத்தில் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும். இங்கே யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை."]

இதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. மகள் ஜெயிப்பாள், தாய் தோற்பாள் என்றுதான் இவ்வளவு நேரம் நான் உள்ளுக்குள் கதை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி. ஒரு பொட்டு குறைவாகவே ஏறினார்கள். மேலே போய் நேரானதும் நான்கு அம்புகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. மொத்தம் பூச்சியம். பூச்சியம் என்றால் நின்றுபோவது என்று நினைத்திருந்தேன். ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருப்பதாம். ஸிஹாம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கைய வை! அடியே, கைய வைடி!"

"வேண்டாம் உம்மா. சரியா அமைச்சு விட்டுட்டா அதுவே போகும்."

"அதுவேன்னா? பள்ளிக்கூடத்துல புள்ளைங்களை இப்படித்தான் விட்டுட்டு உக்காந்திருக்கியா?"

தீவு தெரிந்தது. ஸிஹாம் குமிழை மெல்ல வெளியே இழுத்தாள். சத்தம் அடங்கியது. ஸகிய்யாவின் கை மகளின் முழங்காலைப் பிடித்தது.

"எஞ்சின் நின்னுடுச்சா?"

"இல்ல. குறைச்சிருக்கேன். இறங்கப் போறோம்."

"இப்போ யாரு நம்மை முன்னால இழுக்குறது?"

"நம்ம எடைதான். மூக்கு கொஞ்சம் கீழ சாஞ்சிருக்கில்ல, சரிவுல சறுக்குற மாதிரி எடையே முன்னால கொண்டுபோகும்."

ஸகிய்யா யோசித்தார். "நான் இல்லாம நீ மட்டும் வந்திருந்தா? பாதியிலயே விழுந்திருப்பியா?"

"இல்ல. இதே தூரம்தான் வந்திருப்பேன். கொஞ்சம் மெதுவா வந்திருப்பேன்."

"அப்போ சீக்கிரம் வந்து சேந்தது என்னால."

"உன்னாலதான் உம்மா."

"அதை லஸ்அத்துகிட்ட சொல்லு" என்றார் ஸகிய்யா. முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

[சிவப்புப் பேனா இந்தப் பக்கத்தில் எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில் "விசை சரி" என்று மட்டும் எழுதியிருந்தாள். நடந்தது சரியா என்று கேட்டேன். கணப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.]

6-க்கும் 7-க்கும் நடுவே

ஹாஜ்ஜா ஸகிய்யா போன் செய்தார். மகள் இரண்டாம் வரைவை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டாளாம்.

"என்னடி கதைக்காரி, என்னை எடைன்னு எழுதியிருக்கியாமே?"

"ஹாஜ்ஜா, அது இயற்பியல்ல வர்ற..."

"உன் எடை என்னன்னு எழுதினியா?"

"இல்ல."

"எழுது. அப்புறம் என்னுதை எழுது."

"அந்தத் திட்டத்தைக் கைவிட்டாச்சு ஹாஜ்ஜா. நீங்க எடை இல்ல. சில இடத்துல எஞ்சினே நீங்கதான்."

"புகைவிட்டுக்கிட்டா?"

"புகை இல்லாம."

கொஞ்சம் சமாதானமானார். அந்த இடைவெளியில் சட்டென்று கேட்டேன்: "அன்னைக்குக் கார்லயா போனீங்க, பிளேன்லயா?"

"எண்ணெய் நல்லபடியாப் போய்ச் சேந்துது" என்றார். "சனிக்கிழமை சாப்பிட வா. ஸிஹாம் பறந்துட்டு வர்ற நேரத்துக்கு முன்னாடியே வந்துடு."

7

நேற்று அந்தச் சனிக்கிழமை. போனேன்.

ஆறாம் கிலோமீட்டரில் காரை நிறுத்தும்போதே மீன் குஸ்குஸ் வாசனை. மேலே, கடல் பக்கமாக, ஒரு சின்ன விமானத்தின் சத்தம். நான் உள்ளே போய் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேசைமேல் தட்டு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா. இரண்டு மாதக் குழப்பத்துக்கு ஒரே பார்வையில் பதில். பென்சிலைக்கூடக் கொண்டுபோயிருந்தேன்.

கதவைத் தட்டினேன். மாடிப்படியில் இறங்கி வரும் காலடி கேட்கிறதா என்று கவனித்தேன். எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று சொல்ல முடியவில்லை, அவர் வீட்டில் எல்லாம் பஞ்சு மாதிரி செருப்பு. கதவு திறந்தது. ஹாஜ்ஜா ஸகிய்யா என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"கேக்குதா?" என்றார். "குமிழை இழுத்துட்டா. இறங்கப் போறா."

அப்போதுதான் எனக்கும் கேட்டது, சத்தம் அடங்கியிருந்தது. குமிழ் என்றார். உள்ளே உட்கார்ந்து பார்த்தவர் சொல்லும் சொல். ஆனால் விமானி மகளோடு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருப்பவருக்கும் அந்தச் சொல் தெரியாமலா இருக்கும்? மொட்டைமாடியில் பட்டினியாக நின்று கேட்ட காதுக்கும் அந்தச் சத்தம் தெரியாமலா இருக்கும்?

அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரத்தில் ஏதோ மினுமினுத்தது. சாப்பிட்ட எண்ணெயாக இருக்கலாம். சமைக்கும்போது ருசி பார்த்ததாகவும் இருக்கலாம், வெயிலில் நின்ற வியர்வையாகவும் இருக்கலாம்.

இங்கே இன்னும் கொஞ்சம் இழுத்தால் எனக்கு வேண்டிய முடிவு வந்துவிடும். மூக்கைத் தூக்கலாம். ஆனால் இறக்கை உதறுவது எனக்கே தெரிகிறது, லஸ்அத் எங்கிருந்தோ "விடுங்க" என்று கத்துவதும் கேட்கிறது.

அதனால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். சரியாக அமைத்திருந்தால் இந்தக் கதை தானாகவே போகும். உங்கள் எடையும் இப்போது இதில் இருக்கிறது. அந்தச் சரிவில் போகும் தூரம் மாறாது, கொஞ்சம் சீக்கிரம் போய்ச் சேர்வோம்.

ஹாஜ்ஜா கதவை அகலத் திறந்தார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வாடி கதைக்காரி, நின்னுக்கிட்டே இருக்கே. சாப்பாடு..."